ஸ்கேல் மாப்பிள்ளை

காலை ஐந்தரைக்கு அவன் எழுந்தான். படுக்கையை மடித்து வைத்தான். குழாயில் தண்ணீர் வரும் நேரம். இரண்டு வாளி பிடித்தான். பால் காய்ச்சினான். ரொட்டியை வாட்டினான். நான்கு முட்டைகளை வேகப் போட்டான். மகள் பாப்பாவை எழுப்பினான். அவள் எழவில்லை. இன்னொரு தடவை எழுப்பினான். தலைவாரி, இரண்டு பக்கமும் ரப்பர் போட்டான். இடது பக்கக் குடுமி எப்போதும்போல வலதைவிட உயரமாகப் போய்விட்டது. கேமரா பேட்டரியைச் சார்ஜரிலிருந்து கழற்றினான். அரை அடி ஸ்கேலை ஈரத்துணியால் துடைத்துச் சட்டைப் பையில் செருகினான். கூடத்துச் சுவரில் மனைவியின் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் அதன் கீழேயே நின்று பொத்தான் போட்டான்.

பதினான்கு மாதமாக இதே வரிசைதான்.

அவன் ஓர் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் வேலை பார்த்தான். எங்கே எது உடைந்தாலும், நனைந்தாலும், கருகினாலும் அவன் போய்ப் படமெடுக்க வேண்டும். ஒடுங்கிய கார்க் கதவு, ஊறிப்போன மாவு மூட்டை, இடிந்த குளியலறைச் சுவர். சேதத்தின் அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஸ்கேல் இருக்க வேண்டும். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. சர்வேயர் போட்ட விதிகளில் அவனுக்குப் பிடித்தது அந்த இரண்டாவதுதான்.

ஆட்களைப் படமெடுக்க அவனுக்குக் கூச்சம். கேமராவைக் கண்ணில் வைத்ததும் எதிரில் இருப்பவர் அவனைப் பார்ப்பார். கதவைத் தட்டாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோலவும், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிமிர்ந்துவிட்டதுபோலவும் இருக்கும். காது சூடாகும். விரல் வழுக்கும். கல்லூரி நண்பன் ஒருவன் கட்டாயப்படுத்திக் கல்யாணத்துக்குப் படமெடுக்கக் கூட்டிப்போனான். நூற்றிருபது படங்களில் மாப்பிள்ளை ஐந்தில் இருந்தான். அதிலும் மூன்றில் முதுகு. அந்த நண்பன் அதற்கப்புறம் போன் செய்வதில்லை.

மனைவி போனபோது சுவரில் மாட்ட ஒரு படம் தேடினார்கள். பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். அங்கே எடுத்த ஒரே குரூப் படத்தில் அவள் முகம் பாதி அவளுடைய அப்பாவின் தோளுக்குப் பின்னால் போயிருந்தது. அவள் போன் பூட்டியிருந்தது. திறக்கும் எண் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் வேலை பார்த்த சலவைக் கம்பெனியின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்கள். அட்டையில் குத்திய முத்திரையும் கூடவே பெரிதாகிவிட்டது. 'சலவை' என்பதில் கடைசி எழுத்து மட்டும் அவள் தாடையில் நின்றது. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதும் பாப்பா அதைத்தான் முதலில் வாசித்தாள்.

"அம்மா தாடையில 'வை'ன்னு போட்டிருக்கு. எதை வைக்கணும்?"



போட்டோ எடுக்கிறவன் பெண்டாட்டிக்கு ஒரு போட்டோ இல்லையா என்று வந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். உண்மையில் அவனிடம் அவளுடைய படங்கள் நாற்பத்து மூன்று இருந்தன. விடுமுறை நாட்களில் அவளும் கூட வருவாள். ஸ்கேல் வழுக்கும் இடங்களில் அவள்தான் பிடித்துக்கொள்வாள். நாற்பத்து மூன்றிலும் அவள் கை மட்டும் இருந்தது.

இப்போது அவனும் பாப்பாவும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாமனார் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "பாப்பாவைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா" என்று சொன்னார். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் கடைசியாகச் சொன்னது என்னவென்று அவனுக்கு மட்டும் தெரியும். அவன் திருத்தவில்லை.

வீட்டில் நான்காவது ஆள் சின்னவள், அவன் கொழுந்தியாள். அக்கா வேலை பார்த்த அதே சலவைக் கம்பெனியில் அவளும் இருந்தாள். அந்த வியாழக்கிழமை காலை அவள் ரொட்டியைத் தொடாமல் தன் ஆஸ்பத்திரி பாஸ் அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"இதுவும் திரும்பி வந்திடுச்சு."

"என்னவாம்?" என்றார் மாமனார்.

"ஆள் பொருந்தவில்லை."

"பெத்த எனக்குப் பொருந்துது. அந்தக் கம்பத்துக்கு என்ன கேடு?"

கம்பம் என்று அவர் சொன்னது ஆஸ்பத்திரி வாசலில் புதிதாக நட்டிருந்த இயந்திரத்தை. முகத்தைக் காட்டினால் பாஸில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சலவைக் கம்பெனிதான் வெளுத்தது. வார்டு வார்டாகப் போய் அழுக்கு விரிப்புகளைச் சேர்த்து, வெளுத்ததை அடுக்குவது சின்னவளின் வேலை.

இரண்டு வருஷம் முன்பு சலவைக் கூடத்தில் நீராவிக் குழாயின் மூட்டு ஒன்று விட்டுப்போனது. நீராவி பட்டு அவள் இடது கன்னத்தில் காதோரத்திலிருந்து தாடை வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. அன்றிலிருந்து அவள் முடியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுக்கொள்வாள். பாஸுக்கும் முதலில் அப்படித்தான் படம் கொடுத்தாள். காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை ஸ்டுடியோக்காரர் முடியை ஒதுக்கச் சொல்லி எடுத்தார். பிறகு கேட்காமலே கம்ப்யூட்டரில் வைத்துக் கன்னத்தை வழவழவென்று ஆக்கிவிட்டார். கம்பம் சிவப்பு காட்டிவிட்டது.

"பாவம்னு நெனைச்சு வெள்ளையடிச்சிருக்கான்" என்றாள் சின்னவள். "அந்தப் போட்டோவில இருக்கிற பொண்ணு நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தான் அவளைத் தெரியலை."

"இப்ப என்ன பண்ணணும்கிறாங்க?"

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இருக்கிற முகத்தை இருக்கிற மாதிரி எடுத்து அனுப்பணுமாம். இல்லேன்னா திங்கட்கிழமையிலேருந்து என் வார்டுக்கு வேற ஆள். என்னை உள்ள துணி காயவைக்கிற ரோலருக்குப் போட்டுடுவாங்க. சூப்பர்வைசரம்மா நல்லவிதமாத்தான் சொன்னாங்க. அதுதான் இன்னும் எரியுது."

"ரோலர்னா நீராவி" என்றார் மாமனார்.

"ஆமா. நீராவி."

பாப்பா முட்டையின் மஞ்சளை மட்டும் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"அது மட்டும் இல்லப்பா. வார்டுல யாரும் என்னை உத்துப் பாக்கமாட்டாங்க. அவங்கவங்க காயத்தை அவங்கவங்க பாத்துக்கிட்டிருப்பாங்க. ஊருலயே எனக்கு நிம்மதியா நடக்க முடியற எடம் அது ஒண்ணுதான்."

"வேற ஸ்டுடியோ..." என்று ஆரம்பித்தான் அவன்.

"இன்னொருத்தன் முன்னால உக்காந்து, 'அந்தப் பக்கமாத் திரும்புங்க மேடம்'னு கேக்கணுமா? முடியாது. நீங்க எடுங்க அத்தான்."

"நான் ஆளுங்களை எடுக்கிறதில்லையே."

"தெரியும். நீங்க பைப்பைத்தான் எடுப்பீங்க."

அவன் தட்டைப் பார்த்தான். குழாய் வெடித்த மறுநாள் சர்வேயர் அவனைத்தான் அனுப்பினார். அவன் போனான். ஸ்கேல் வைத்து எடுத்தான்.

"பைப்புக்குப் பதினோரு போட்டோ" என்றாள் சின்னவள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணு கூட இல்ல. அந்த ஃபைலைப் பாக்கிறவன் அன்னிக்குப் பைப்புக்குத்தான் அடிபட்டுதுன்னு நெனைப்பான்."

"வேண்டாம்மா" என்றார் மாமனார்.

"நான் அவரைத் திட்டலைப்பா. ஆள் வேணும்னு கேக்கிறேன்."

அவன் எழுந்து தட்டைக் கழுவினான். இரண்டு தடவை கழுவினான். மாமனார் பின்னால் வந்து நின்றார்.

"கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர் குடுக்கிறீங்க மாப்ள. சத்தம் வருது. வண்டி நகரலை."

"எடுக்கிறேன் மாமா" என்றான் அவன்.

சொல்லிவிட்டானே தவிர, வாசல் தாண்டுவதற்குள் மாட்டேன் என்று சொல்ல இரண்டு தடவை திரும்பினான்.

வெள்ளிக்கிழமை ஒரு மரச்சாமான் கடையில் வேலை இருந்தது. மழைநீர் புகுந்து கட்டில் கால்களெல்லாம் ஊறி உப்பியிருந்தன. எடுத்து முடித்துவிட்டு எதிரே இருந்த டீக்கடையில் ஆளைப் படமெடுத்துப் பழகிப் பார்க்கலாம் என்று நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் பருத்த மனிதர். எப்போது பார்த்தாலும் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார்.

"அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா? நகராட்சியில யாராவது அனுப்பினாங்களா?"

"இல்லண்ணே. பழகிக்கத்தான்."

"என் மூஞ்சியில வந்து பழகிறீங்களே, வேற நல்ல மூஞ்சி கெடைக்கலையா" என்று அவர் சொன்னாலும் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒடுக்கினார். அவன் கேமராவைத் தூக்கினான். அவர் கண் நேராக வந்தது. காது சூடானது. ஒரு தடவை அழுத்திவிட்டு, "ஸாரிண்ணே" என்று சொல்லி நடையைக் கட்டினான். வீட்டில் வந்து பார்த்தபோது டீ கிளாஸ் தெளிவாக விழுந்திருந்தது. கிளாஸில் இருந்த விரல்ரேகையைக்கூட எண்ணலாம். டீக்கடைக்காரர் கழுத்தோடு முடிந்திருந்தார்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சலவைக் கூடத்துக்குப் போனான். மனைவி போனபிறகு அங்கே போவது அதுதான் முதல் தடவை.

நீளமான கூடம். கூரையில் ஆங்காங்கே பால்நிறத் தகடு பதித்திருந்ததால் வெளிச்சம் ஒரே சீராக, நிழலில்லாமல் இறங்கியது. ஒரு பக்கம் பெரிய சலவை இயந்திரங்கள் உறுமிச் சுற்றின. நடுவில் ரோலர். ஈர விரிப்பு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் காய்ந்து, சூடாக, காகிதம்போல வந்தது. அதற்கு அப்பால் மடிக்கிற இடம். இரண்டிரண்டு பெண்களாக எதிரெதிரே நின்று மடித்தார்கள். முனையைப் பிடித்து ஓர் உதறு. நான்கு எட்டு நடந்து நடுவில் சந்திப்பு. இவள் கையிலிருந்து அவள் வாங்கி, குனிந்து மடிப்பைப் பிடித்து, மறுபடி பின்வாங்கி, மறுபடி சந்திப்பு. பேச்சும் அந்தக் கணக்கில்தான் நடக்கும். எட்டிப்போகும்போது கேள்வி, கிட்டே வரும்போது பதில்.

அவன் நுழைந்ததும் கேமரா லென்ஸில் நீராவி படர்ந்து வெளுத்துப்போனது. வெளியே மழைக்குளிர், உள்ளே வெக்கை. துடைத்தால் மறுபடி மூடும். கண்ணாடி சூடேறும்வரை பத்து நிமிஷம் காத்திருந்தே ஆக வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் முப்பத்தெட்டுப் பெண்கள் அவனைப் பார்த்தார்கள்.

"ஸ்கேல் மாப்பிள்ளை வந்தாச்சு" என்றாள் ஒருத்தி. அவளை எல்லோரும் விசில் என்று கூப்பிடுவார்கள். அவள் பேசினால் இயந்திரச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். ஐம்பது வயதிருக்கும். ஆறு வருஷம் அவன் மனைவிக்கு எதிரே நின்று மடித்தவள். "உக்காருங்க. என்ன, கண்ணாடிக்கு வேர்க்குதா? எங்களைப் பாத்தா ஆம்பளைங்களுக்கு வேர்க்கும். இப்பத்தான் கேமராவுக்கு வேர்த்துப் பாக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

விசில் விரிப்பை விட்டுவிட்டு அருகில் வந்தாள். சத்தத்தைக் குறைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது ரகசியக் குரல்.

"அவளுக்கப்புறம் மூணு பேரை மாத்திப் போட்டாங்க தம்பி. ஒருத்தியும் சரிவரலை. எல்லாவளும் ரெண்டடி முன்னாலயே நின்னுடறாளுக. அவதான் கடைசி அடி வரைக்கும் வருவா. மூக்கும் மூக்கும் இடிக்கும். கை மாத்தும்போது ஏதாச்சும் ஒண்ணு சொல்லிச் சிரிக்கவைப்பா. மடிப்பு கோணிடும். திட்டு எனக்குத்தான் விழும்."

அவன் தலையாட்டினான். லென்ஸைப் பார்த்தான். இன்னும் வெளுப்பு போகவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பெண்கள் டப்பாக்களைத் திறந்தார்கள். வெங்காய வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து வந்தன. யாரோ ஒரு வெள்ளை விரிப்பைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். அதன் முன்னால் ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டுச் சின்னவள் உட்கார்ந்தாள். கட்டியிருந்த முடியை அவிழ்த்து, பின்னால் இழுத்து இறுகக் கட்டினாள். இடது கன்னம் முழுசாக வெளியே வந்தது. டப்பா மூடிகளின் சத்தம் நின்றது. கூடவே வேலை பார்த்தவர்கள்கூட அதை அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

"எடுங்க அத்தான்."

அவன் எதிரே மண்டியிட்டான். கேமராவைத் தூக்கினான். அவள் கண் அக்காவின் கண். அது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் கேமரா வழியாகப் பார்த்தபோது புதிதாகத் தெரிந்தது.

"அசையாதீங்க" என்றான். கொழுந்தியாளை அவன் நீங்க என்று கூப்பிட்டதே இல்லை.

அவள் கல்லாகிவிட்டாள். அழுத்தினான். கண் மூடியிருந்தது.

"ஸாரி."

இரண்டாவதில் உதட்டைக் கடித்திருந்தாள். "ஸாரி." மூன்றாவது ஆடிவிட்டது. "ஸாரி." ஐந்தாவதில் அவள் கண்ணில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"எதுக்குத் தம்பி ஒவ்வொண்ணுக்கும் ஸாரி" என்றாள் விசில். "போட்டோ எடுக்கிறீங்களா, பல்லு பிடுங்கறீங்களா?"

ஒன்பது எடுத்தான். ஒன்பதும் ஆகவில்லை. முதுகில் வியர்வை வழிந்தது. பேசாமல் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. எழுந்து போனால் அவள் ரோலருக்குப் போவாள். அவன் மூச்சை விட்டான். அவள் கண்ணைப் பார்க்காமல் கன்னத்தை மட்டும் பார்த்தான்.

அப்போது கேமரா ஆடாமல் நின்றது.

காதோரத்தில் தொடக்கம். நடுவில் தோல் மூன்று மடிப்பாகச் சுருங்கியிருந்தது. தாடைக்குமேல் ஒரு சின்னத் தீவுபோலப் பழைய தோல் மிச்சம். விளிம்பு இளஞ்சிவப்பு. இது அவனுக்குத் தெரிந்த வேலை. பத்து வருஷமாகச் செய்கிற வேலை. வெளிச்சம் சரியாக இருந்தது. தூரம் சரியாக இருந்தது. வலது கை கேமராவைப் பிடித்திருக்க, இடது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஸ்கேலை எடுத்தது. பூஜ்யத்தைக் காதோரத்தில் வைத்து, கன்னத்தை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தது.

விசில் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

கேமரா வழியே எண்களைப் பார்த்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. கையை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை.

சின்னவள் கண்ணைக் கீழே தாழ்த்தினாள். மூக்கின்மேல் இரண்டு கண்ணும் சேரக் குவித்து, தன் கன்னத்தோரம் நீட்டிக்கொண்டிருந்த ஸ்கேலைப் பார்த்தாள்.

"எத்தனை அத்தான்?"

"மூணே கால்" என்றான் அவன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூணே காலா?"

"மூணே கால் இஞ்ச்."

அவள் அதை மனதுக்குள் வைத்துப் பார்ப்பதுபோல இருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"மூணே கால் இஞ்சுக்காகவா" என்றாள், சிரிப்பில் சொற்கள் உடைந்தன, "மூணே கால் இஞ்சுக்காகவா ரெண்டு வருஷமா இந்த முடியை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். நான் என்னமோ ஒரு முழம்னு நெனைச்சிட்டிருந்தேன்."

விசில்தான் முதலில் வெடித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. கூடையில் கையூன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷத்துச் சிரிப்பையும் ஒரேயடியாகச் சிரித்தாள் சின்னவள். கன்னத்தில் சுருங்கிய தோல் சிரிப்போடு சேர்ந்து இழுபட்டு ஒரு பக்கம் அதிகமாக ஏறியது. அவன் அழுத்தினான். மறுபடி அழுத்தினான். ஸாரி சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"சிரிச்ச போட்டோ ஆகாதே" என்றார் சூப்பர்வைசரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வாயை மூடியிருக்கணும்னு போட்டிருக்காங்க."

"இருங்க" என்றான் அவன்.

கேமராவை இறக்காமல் காத்திருந்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். உதடுகள் மூடின. கண்ணில் சிரிப்பின் ஈரம் இருந்தது. நேராக அவனைப் பார்த்தாள். எழுதி முடித்தவர்கள் பேனாவை வைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அவனும் நேராகப் பார்த்தான். காது சூடாகவில்லை. அழுத்தினான்.

"ஆச்சு."

சூப்பர்வைசரம்மா கேமராவின் திரையை எட்டிப் பார்த்தார். விசில் அவரைத் தள்ளிக்கொண்டு பார்த்தாள். கடைசியாகச் சின்னவள் வாங்கிப் பார்த்தாள். அவள்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"இவளை எனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் ஸ்கேலைப் பையில் வைக்கப் போனான். விசில் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க போறீங்க? என் பாஸைப் பாருங்க. அதுல நான் பொணம் மாதிரி..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லக்கா" என்றான் அவன். "அவ பாஸும் அப்படித்தான் இருந்துச்சு."

அந்தக் கூடத்தில் அவளைப்பற்றி அவன் வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அது. விசில் அவன் தோளில் ஓர் அடி போட்டுவிட்டுப் போய்க் கூடைமேல் உட்கார்ந்தாள். ஸ்கேலைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனைன்னு சொல்லுங்க."

"ரெண்டரை."

"எங்க வீட்டுக்காரர் மூணுன்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிட்டாரு. இன்னிக்கு வெச்சுக்கிறேன்."

வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தி நெற்றியை அளந்தாள். ஒருத்தி முன்பல் இடுக்கை அளந்தாள். ஒரு பெண் வெந்நீர் பட்டுத் தழும்பேறிய முழங்கையை மடித்துக் காட்டி, "எனக்கு நாலு, சின்னவளைவிடக் கூட" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். ஒவ்வொருத்தரும் ஸ்கேலைப் பிடித்து ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை அவன் காத்திருப்பான். முடிந்ததும் ஒரு முகம் வரும். அதை எடுப்பான். யாரிடமும் அசையாதீங்க என்று சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து இன்னும் பத்து நிமிஷம் ஓடியதைச் சூப்பர்வைசரம்மா கண்டுகொள்ளவில்லை. முப்பத்தெட்டாவதாக அவரே வந்து உட்கார்ந்து, கொண்டையைத் தடவிவிட்டு, "எனக்கு அளக்கிறதுக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார். "கோபத்தை அளங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதுவும் படத்தில் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே படம் ஆஸ்பத்திரிக்குப் போனது.

திங்கட்கிழமை காலையில் அவன் வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினான். மழை விட்டிருந்தது. சின்னவள் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முடி பின்னால் கட்டியிருந்தது. கம்பத்தின் முன் நின்று முகத்தைக் காட்டினாள். கம்பம் யோசித்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். காவல்காரர் இருமினார்.

பச்சை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தலைக்குமேல் தூக்கி, ஸ்கேல் பிடிப்பதுபோல இரண்டு விரலை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனாள். சாலையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் தனியாகச் சிரித்தான். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார். அவன் அவரையும் ஒரு படம் எடுத்தான். கேட்டுவிட்டுத்தான் எடுத்தான். அவர் சரி என்றார்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அச்சுப் போட்ட படங்களோடு வீட்டுக்கு வந்தான். மேசைமேல் பரப்பினான். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்னவளின் படத்தில் நின்றார்.

"இது என் மக" என்றார் கடைசியில். "கம்பத்துக்கே தெரிஞ்சிடுச்சு."

"உங்களையும் எடுக்கட்டுமா மாமா?"

"என்னையா? இந்த மொட்டைத் தலையையா?"

"உக்காருங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல முன்னால் நீட்டிவிட்டார். சின்னவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவன் காத்திருந்து எடுத்தான்.

பாப்பா படங்களைக் கலைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"எல்லா அத்தையும் இருக்காங்க. அம்மா எங்க?"

சின்னவள் அவனைப் பார்த்தாள். அவன் உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்தான். நாற்பத்து மூன்றாவது படத்தைத் திறந்தான். காகிதக் கிடங்கு. நனைந்து ஊதிப்போன காகிதக் கட்டு. அதன் ஓரத்தில் ஸ்கேல். ஸ்கேலைப் பிடித்த நான்கு விரல்கள். சோப்புத் தண்ணீரில் ஊறி நுனி வெளுத்த விரல்கள். ஆள்காட்டி விரலில் ஒரு சின்ன மச்சம்.

"இது அம்மா" என்றான்.

பாப்பா தன் கையை விரித்துத் திரையின் மேல் வைத்து ஒப்பிட்டாள். தன் விரலிலும் மச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினாள்.

"இதையும் பெரிசாக்கி அந்தப் போட்டோ பக்கத்துல வை" என்றாள். "அங்கதான் வைன்னு எழுதியிருக்கே."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். பாப்பாவைப் பாத்துக்கங்கன்னு அவ சொன்னான்னு எல்லார்கிட்டயும் சொன்னேனில்ல. அது நானாச் சொன்னது."

"தெரியும் மாமா."

"கடைசி ஸ்டாப்புல வண்டியை நிறுத்தறப்ப ஒரு ஹார்னாவது அடிக்கணும்னு தோணிடுச்சு. ஒண்ணும் சொல்லாமப் போனான்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லாமப் போகலை மாமா."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்று ஞாயிற்றுக்கிழமை. கிடங்கில் கடைசிப் படம் இதுதான். எடுத்து முடித்ததும் அவள் ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே அவன் செய்தான். கேமராவுக்குள் அவள் முகம் முழுசாக வந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கூச்சம் வந்து இறக்கிவிட்டான். அழுத்தவில்லை. வீட்டுக்கு வரும்போது வண்டியில் அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். அசதி என்று நினைத்தான். தலைக்குள் ரத்தக் குழாய் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"என்ன சொன்னா அத்தான்?" என்றாள் சின்னவள்.

அவன் ஸ்கேலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பாப்பாவின் கையில் கொடுத்தான். படத்தில் அம்மா பிடித்திருப்பதுபோலவே அவள் பிடித்துக்கொண்டாள். அவன் கேமராவை அந்தச் சின்ன விரல்களில் குறிவைத்தான். பிறகு மெல்ல உயர்த்தினான். கோணலான குடுமியும் முன்பல் விழுந்த சிரிப்பும் கேமராவுக்குள் வந்ததும் அழுத்திவிட்டு, மனைவி சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"கேமராவைக் கொஞ்சம் மேல தூக்குங்க. கைக்கு மேல ஒரு ஆளும் இருக்கேன்."